‘அங்கீகாரம் இருக்கா?’: சத்தீஸ்கர் வழக்கை வைத்து ஒரு கிளை வளாக ஆய்வு

சான்றிதழ் சரிபார்ப்பது என் பிழைப்பு. அதனாலேயே தெரிந்தவர் வீட்டில் யாராவது பிளஸ் டூ முடித்தால், கல்லூரி விளம்பரக் கையேடு சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வந்துவிடும். போன மே மாதம் எதிர்வீட்டு அக்கா ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளப்பான தாள், நீச்சல் குளப் படம், மேலே பெரிய எழுத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். வளாகம் நம் ஊரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். பல்கலைக்கழகத்தின் தலைமை இடமோ வேறு மாநிலத்தில். “போன் பண்ணிக் கேட்டேன் தம்பி, யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்குன்னு சொன்னாங்க. பட்டியல்லகூட பேர் இருக்கு. சேர்த்துடலாமா?”

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. சிக்கல் கேள்வியில் இருந்தது. அக்கா கேட்டது பல்கலைக்கழகத்தைப் பற்றி; பிள்ளை சேரப்போவது ஒரு வளாகத்தில், ஒரு படிப்பில், ஒரு குறிப்பிட்ட ஆண்டில். ஒன்றைப் பற்றிக் கேட்டு இன்னொன்றைப் பற்றி நிம்மதியாகிவிடுகிறோம். இந்த இடைவெளி எவ்வளவு ஆழமானது என்று காட்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முந்தையது என்றாலும், இன்றைக்குக் கிளை வளாகம் பற்றி யார் கேட்டாலும் நான் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஓர் ஆண்டில் 112

சத்தீஸ்கர் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 1-ல். மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்த புது மாநிலம். முதல் முதலமைச்சர் அஜித் ஜோகி. உயர்கல்விக்குத் தனியார் முதலீட்டை இழுக்க வேண்டும் என்று 2002-ல் அங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது.

பொதுவாக ஒரு தனியார் பல்கலைக்கழகம் வர வேண்டுமானால் அதன் பெயரையாவது சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். யாராவது நாலு கேள்வி கேட்பார்கள். இந்தச் சட்டம் அந்த வேலையை அரசு அலுவலகத்துக்கு இறக்கிவிட்டது. திட்ட அறிக்கை ஒன்றைக் கொடுக்க வேண்டியது. அரசுக்குத் திருப்தி என்றால் அரசிதழில் ஓர் அறிவிப்பு வரும். அன்றிலிருந்து அது பல்கலைக்கழகம். கட்டடம், நூலகம், ஆசிரியர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குள் 112 பல்கலைக்கழகங்கள் முளைத்தன. அவற்றில் பலவற்றுக்குக் கட்டடமும் இல்லை, வளாகமும் இல்லை. ஓர் அறைக் குடியிருப்புகளிலிருந்து நடந்தன என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான செய்தி.

ஓர் அறையில் இருந்துகொண்டு பல்கலைக்கழகம் எப்படிப் பிழைக்கும்? இங்கேதான் கிளை வளாகம் கதைக்குள் வருகிறது. அந்தச் சட்டத்தின் விளக்கப் பிரிவில், வளாகத்துக்கு வெளியே அமையும் மையம் ‘மாநிலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ’ இருக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்தச் சின்ன வரிதான் மொத்த வியாபாரத்துக்கும் கதவு. தலைமை இடம் சத்தீஸ்கரில் பெயருக்கு. மாணவர் சேர்க்கை நாட்டின் எந்த ஊரிலும். தன் ஊரில் இருக்கும் மையத்துக்குப் போய் விசாரிக்கும் பெற்றோருக்கு அரசிதழ் அறிவிப்பின் நகலைக் காட்டலாம். அதுவும் உண்மையான அறிவிப்புதான். போலிப் பல்கலைக்கழகம் என்றால் போலீஸுக்குப் போகலாம். அரசு முத்திரையோடு நிற்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

யஷ்பால் போனார். இயற்பியலாளர், 1986 முதல் 1991 வரை யு.ஜி.சி. தலைவராக இருந்தவர். தூர்தர்ஷனின் ‘டர்னிங் பாயிண்ட்’ அறிவியல் நிகழ்ச்சியைப் பார்த்த தலைமுறைக்கு அந்த வெள்ளைத் தலைமுடித் தாத்தாவைத் தெரியும். அவர் பொதுநல மனுவாக நேரே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரி 11-ல் தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி, நீதிபதிகள் ஜி.பி. மாத்தூர், பி.கே. பாலசுப்பிரமணியன் அமர்வு தீர்ப்பளித்தது.

மாநில அரசின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தைச் சட்டப்படி உருவாக்கும் அதிகாரம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில், 32-ஆவது பதிவில் இருக்கிறது. ஆக, உருவாக்கினோம், இதில் என்ன தப்பு என்றார்கள். நீதிமன்றம் மறுபக்கத்தை எடுத்துக்காட்டியது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைப்பதும் தீர்மானிப்பதும் மத்தியப் பட்டியலின் 66-ஆவது பதிவு. உருவாக்குவது என்பது காகிதத்தில் ஒரு சட்ட நபரைப் பிறப்பிப்பதோடு முடிந்துவிடாது. பல்கலைக்கழகம் என்றால் அங்கே கற்பித்தலும் ஆய்வும் நடக்க வேண்டும். பட்டம் வழங்கும் உரிமை அதிலிருந்துதான் வருகிறது. முதலில் பட்டம் கொடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு அப்புறம் வகுப்பறை கட்டலாம் என்பது தலைகீழ். சட்டத்தின் 5, 6 பிரிவுகள் செல்லாது என்றார்கள். அவற்றின் கீழ் அறிவிக்கப்பட்ட எல்லாப் பல்கலைக்கழகங்களும் இல்லாமல் போயின.

வழக்கைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்குத் தேவையானது அதற்கடுத்தது. ‘மாநிலத்துக்கு வெளியே’ என்ற அந்த வார்த்தைகளையும் நீதிமன்றம் தனியாக எடுத்து வெட்டியது. அரசமைப்பின் 245-ஆவது பிரிவின்படி மாநிலச் சட்டமன்றம் தன் எல்லைக்குள்தான் சட்டம் செய்யலாம். தன் சட்டத்தில் பிறந்த பல்கலைக்கழகத்துக்கு அடுத்த மாநிலத்தில் கிளை போடும் உரிமையை அது கொடுக்க முடியாது. ராய்ப்பூரில் போட்ட சட்டம் சென்னையில் செல்லாது, அவ்வளவுதான். அக்கா கொண்டுவந்த கையேட்டுக்கான விடை 2005-லேயே எழுதப்பட்டுவிட்டது.

மாணவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களைக் காப்பாற்ற, அந்த நிறுவனங்களைச் சத்தீஸ்கரில் ஏற்கெனவே இருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க மாநில அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்றது நீதிமன்றம். ஆனால் நிபந்தனையோடு: உரிய தகுதி உள்ள நிறுவனத்துக்கு மட்டுமே அந்தச் சலுகை, தொழில்நுட்பம், மருத்துவம், பல் மருத்துவம் என்றால் அந்தந்தக் கவுன்சிலின் வரையறைகளை நிறைவுசெய்திருக்க வேண்டும். உண்மையான வகுப்பறையில் உட்கார்ந்தவருக்குக் கயிறு கிடைத்தது. ஓர் அறைப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டியவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஓர் இடைச்செருகல். உரிமை இல்லாமல் பட்டம் கொடுத்தாலோ, பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டாலோ 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 24-ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். விண்ணப்பப் படிவத்தையே ஆயிரத்துக்கு மேல் விற்கிறார்கள்.

பெயர் சுத்தம், மையம் கோளாறு

சத்தீஸ்கரில் பல்கலைக்கழகமே பொக்கு. இன்றைக்கு நாம் எதிர்கொள்வது பெரும்பாலும் அடுத்த வகை: பல்கலைக்கழகம் அசலானது, அது வெளியே விரித்த கடை அசலானதா என்பதுதான் கேள்வி. அதற்கு 2017 நவம்பர் 3-ல் வந்த தீர்ப்பைப் பார்க்க வேண்டும்.

ஒடிசாவின் ஏற்றுநீர்ப் பாசனக் கழகத்தில் ஒரு பதவி உயர்வுத் தகராறு. அஞ்சல் வழியில் பி.டெக். முடித்த பொறியாளர்களின் பட்டம் செல்லுமா செல்லாதா? அலுவலகச் சண்டை என்று தொடங்கியது, உச்ச நீதிமன்றத்தில், மத்திய அரசின் அறிவிப்பால் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் பொறியியல் பட்டங்களை மொத்தமாகப் புரட்டிப்போட்டது. இரண்டு ராஜஸ்தானில், ஒன்று அலகாபாத்தில், நான்காவது நம் சேலத்தின் விநாயகா மிஷன்ஸ் ரிசர்ச் பவுண்டேஷன். நான்கும் யு.ஜி.சி. பட்டியலில் இருந்தவை. நிகர்நிலைத் தகுதி யாராலும் மறுக்கப்படவில்லை. ஆனால் தொலைநிலையில் பொறியியல் நடத்த ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் கட்டாயம், அது வாங்கப்படவில்லை, பின்தேதியிட்டுக் கொடுத்த அனுமதி செல்லாது என்றது நீதிமன்றம்.

2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. கவனியுங்கள்: ஒரே நிறுவனம், ஒரே பட்டம், சேர்ந்த ஆண்டு மட்டும் வேறு, ஒருவருக்கு மறுதேர்வு, இன்னொருவருக்கு வெறுங்கை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்து, அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வும் வாங்கியவர்கள் திரும்பவும் பரீட்சை எழுத உட்கார்ந்தார்கள்.

இதே தீர்ப்பின் தொடர்ச்சியாகத்தான் அந்த நவம்பரில் யு.ஜி.சி. 123 நிகர்நிலை நிறுவனங்களை, பெயரில் இருக்கும் ‘யூனிவர்சிட்டி’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னது. நெடுஞ்சாலை ஓரப் பலகைகளில் அந்தச் சொல் போய், சின்ன எழுத்தில் ‘டீம்டு டு பி யூனிவர்சிட்டி’ என்று வந்தது நினைவிருக்கலாம்.

ஆண்டுக் கணக்குக்கு இன்னும் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கியது, அரசுப் பல்கலைக்கழகம், பெயரில் யாரும் குறை சொல்ல முடியாது. அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது, அதற்குப் பின் இல்லை என்று 2022-ல் யு.ஜி.சி. பொது அறிவிப்பே வெளியிட்டது. 2014-ல் சேர்ந்த அண்ணனுக்கு இல்லாத சிக்கல் 2016-ல் சேர்ந்த தம்பிக்கு.

ஒரே சொல்லில் நான்கு காரியம்

என் கணிப்பில் பாதிக் குழப்பம் நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் ‘அங்கீகாரம்’ என்கிறோம். பல்கலைக்கழகமாக இருக்கும் தகுதி ஒன்று. அது சட்டத்திலிருந்து வருகிறது, யு.ஜி.சி. பட்டியலில் தெரியும். கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருப்பது இணைப்பு. ஒரு தொழிற்படிப்பை நடத்த ஏ.ஐ.சி.டி.இ., தேசிய மருத்துவ ஆணையம், பார் கவுன்சில், பார்மசி கவுன்சில் போன்றவை தருவது ஒப்புதல். நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு), என்.பி.ஏ. (தேசியத் தரச்சான்று வாரியம்) தருவது தரச்சான்று. நான்கையும் நான்கு பேர் தருகிறார்கள், நான்கு காரணத்துக்காக. கையேட்டில் நான்கும் ஒரே வரிசையில் முத்திரையாக நிற்கும்.

இப்போது அக்காவின் கையேட்டுக்கு வருவோம்.

முதலில் அந்தப் பல்கலைக்கழகம் எந்த வகை என்று பார்த்தேன். வேறொரு மாநிலத்தின் சட்டத்தில் உருவான தனியார் பல்கலைக்கழகம். இது தெரிந்ததுமே பாதி வேலை முடிந்தது. சத்தீஸ்கர் கூத்துக்குப் பிறகு 2003-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிகளின்படி, மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்குள் இயங்க வேண்டும். வெளி வளாகம் திறக்க ஐந்தாண்டாவது ஆகியிருக்க வேண்டும், யு.ஜி.சி. அனுமதியும் வேண்டும். தனியார் கல்லூரி எதையும் தன்னோடு இணைத்துக்கொள்ளவும் கூடாது. பெயரைக் கடன் கொடுத்து வேறொருவரை நடத்தவிடும் வேலையும் கூடாது. 2013 ஜூனில் எல்லை தாண்டிய மையங்களைப் பற்றி யு.ஜி.சி. தனி அறிவிப்பே கொடுத்தது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்திருந்தால் கதை வேறு. அவை மத்திய அரசின் அறிவிப்பால் வருபவை என்பதால் மாநில எல்லை அவற்றுக்குச் சுவர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வெளி வளாகத்துக்கும் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தில் ஊரும் இடமும் இருக்கும். அதைத்தான் கேட்க வேண்டும்.

இதில் நம் ஊர்ப் பெயர்களே நல்ல பாடம். வி.ஐ.டி. வேலூரும் சென்னையும் ஒரே நிகர்நிலைப் பல்கலைக்கழகம். வி.ஐ.டி. போபாலும் அமராவதியும் முறையே மத்தியப் பிரதேசம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் தனியார் பல்கலைக்கழகங்கள். எஸ்.ஆர்.எம். காட்டாங்குளத்தூர் நிகர்நிலை, ஆந்திரம், ஹரியானா, சிக்கிமில் இருப்பவை அந்தந்த மாநிலச் சட்டத்தில் தனித்தனியாகப் பிறந்தவை. இவற்றில் ஒழுங்கீனம் எதுவும் இல்லை, முறைப்படி நடந்ததுதான். ஆனால் ஒன்றின் நாக் தரத்தை இன்னொன்றுக்கு நாமே மனத்தில் ஒட்டிக்கொண்டால் அது நம் தப்பு. பெயர் குடும்பப் பெயர் மாதிரி; பட்டம் கொடுப்பது தனி நபர்.

அடுத்து நாக். 1994-ல் தொடங்கிய, பெங்களூரில் இருக்கும் அமைப்பு. 4-க்கு 3.51-லிருந்து ஏ பிளஸ் பிளஸ், 3.26-லிருந்து ஏ பிளஸ், 3.01-லிருந்து ஏ என்று கீழே இறங்கும், 1.5-ம் அதற்குக் கீழும் என்றால் தரச்சான்றே கிடையாது. பொதுவாக ஐந்தாண்டுதான் செல்லுபடி. கையேட்டில் ‘நாக் ஏ பிளஸ்’ என்று போட்டிருந்தது, தேதி இல்லை. தேதி இல்லாத தரம் லேபிள் கிழிந்த மருந்து பாட்டில் போல.

தேதியைக் கண்டுபிடிப்பது எளிது. யாரும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது: நாக்கிடம் போகும்போது நிறுவனம் தானே எழுதிக் கொடுக்கும் சுய ஆய்வு அறிக்கை. நிறுவனத்தின் இணையதளத்திலேயே அதை வைத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம், படித்தால் தூக்கம் வரும். ஆனால் தொடக்கத்தில் வரும் அறிமுகப் பகுதியில் வளாகங்களுக்கென்று ஓர் அட்டவணை உண்டு: வளாகத்தின் வகை, முகவரி, எத்தனை ஏக்கர், கட்டடப் பரப்பு, என்னென்ன படிப்பு, தொடங்கிய நாள், யு.ஜி.சி. அல்லது அமைச்சகம் ஏற்ற நாள். விளம்பரத்தில் எதையும் எழுதலாம். இதில் எழுதியதற்குக் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். அக்காவின் கையேட்டுப் பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரி. தலைமை வளாகம். நம் ஊர்ப் பக்கத்து நீச்சல் குளத்தைக் காணோம்.

பொறியியல் என்றால் என்.பி.ஏ. பட்டியலையும் பார்க்கலாம். அது நிறுவனத்துக்குத் தருவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தருகிறது. சிவிலுக்கு இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு இருக்காது. பொறியியல் படிப்புகளின் தரச்சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினரானதால், வெளிநாட்டில் பொறியாளராகப் பதிவு செய்ய நினைப்பவருக்கு இது காகிதப் பெருமை மட்டும் இல்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளை என்றால் கதவே வேறு. குஜராத்தின் கிப்ட் சிட்டி எனும் சர்வதேச நிதி மையத்தில் இருக்கும் ஆஸ்திரேலியாவின் டீக்கின், வொல்லங்காங் பல்கலைக்கழக வளாகங்களுக்கு அனுமதி கொடுத்தது அங்குள்ள நிதி மைய ஆணையம். குருகிராமில் 2025-ல் தொடங்கிய பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக வளாகம் யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி வந்தது. இவை தவிர, உள்ளூர்க் கல்லூரியோ பயிற்சி நிறுவனமோ ‘வெளிநாட்டுப் பட்டம் இங்கேயே’ என்று பெயரைக் கடன் வாங்கி நடத்தினால், அப்படி வாங்கும் பட்டத்துக்கு இணைத்தகுதி கிடையாது என்பது 2025 விதிகளில் தெளிவாக இருக்கிறது.

அந்தக் கையேடு என்ன ஆனது

இவ்வளவுக்கும் பிறகு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவேளை அனுமதி புதிதாக வந்திருக்கலாம், பட்டியல் தாமதமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். அதனால் அக்காவை உட்காரவைத்து, தலைமைப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு மின்னஞ்சல் எழுதவைத்தேன். சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. அவர்கள் ஆள் பிடிக்கச் சம்பளம் வாங்குபவர்கள். நான்கே வரி: இந்த முகவரியில் நடக்கும் வளாகத்துக்கு, இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்வியாண்டில் மாணவர் சேர்க்க யு.ஜி.சி. கொடுத்த அனுமதிக் கடிதத்தின் எண்ணும் தேதியும் என்ன? நாக் சான்றில் இந்த வளாகம் அடங்குமா? பட்டச் சான்றிதழில் எந்த ஊர் அச்சாகும்? நகல் அனுப்ப முடியுமா?

இரண்டாம் நாள் மின்னஞ்சல் வரவில்லை, போன் வந்தது. பதிவாளர் அலுவலகத்திலிருந்து இல்லை, சேர்க்கை அலுவலகத்திலிருந்து. “மேடம், எதுக்கு மெயில் எல்லாம், நேர்ல வாங்க, எல்லா பேப்பரும் காட்டுறோம். இந்த வாரத்துக்குள்ள சேர்ந்தா பீஸ்ல இருபது பர்சன்ட் குறைச்சிடலாம்.”

அக்கா என்னைப் பார்த்தார். “எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க அக்கா” என்றேன். சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்கள். பையன் இப்போது மாவட்டத் தலைநகரத்து அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிறான். மேலாளர் இன்னும் கூப்பிடவில்லை.